அதற்குப் பக்குவம் என்று பெயர்

ஆட்டம் பார்க்கும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை. என் மனைவி இருந்த காலத்தில் இதற்காகவே என்னோடு உட்கார்ந்து டிவி பார்க்க மாட்டாள். வீட்டில் எல்லாரும் கத்திக்கொண்டு எழுந்து நிற்கும்போது நான் திரையின் வேறு மூலையைப் பார்த்துக்கொண்டு “என்ன ஆச்சு?” என்று கேட்பேனாம். பந்து எங்கே போகிறது என்பதைக் காசு கொடுத்து வந்தவன் பார்க்கட்டும். பந்து கிளம்பும் அந்த நொடியில் ஒரு பையனுடைய கால் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் இந்த அமெரிக்க ஃபுட்பால் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொன்னீர்கள், மிஸ் கோல்பி. நல்லதுதான். தெரிந்தவர்களிடம் பேசித்தான் எனக்கு அலுத்துவிட்டது. சைலஸ் லடேவுக்கு நடந்ததை விசாரிக்க லீக் உங்களை அனுப்பியிருக்கிறது. அறிக்கையில் என் பங்கை நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டீர்கள் என்றும், நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னீர்கள். போடுகிறேன். அதில் ஒரே ஒரு வரி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். காபியைச் சூடாகக் குடித்துவிடுங்கள். இந்த மெஷின் காபி ஆறினால் நாய்கூடக் குடிக்காது.

இந்த அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய், அங்கே ஆடும் பையன்களில் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று சொல்வது என் வேலை. ஏப்ரல் மாதம் டிராஃப்ட் நடக்கும். ஒவ்வொரு அணியும் முறை வைத்து ஒருவன் ஒருவனாக எடுத்துக்கொள்ளும். லைன்பேக்கர்கள் என் பொறுப்பு. முன்வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கும் தடியன்களுக்கு நாலு எட்டுப் பின்னால், முழங்காலை மடக்கிக் கையைத் தொங்கவிட்டு நிற்பானே, அவன்தான் லைன்பேக்கர். எதிரணி பந்தோடு ஓடப்போகிறதா, வீசப்போகிறதா என்று கண்மூடித் திறப்பதற்குள் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாகத் தெரிந்துகொண்டால் அவனுக்குப் பின்னால் மைதானம் காலி.

எதிரணிக்காரன் இதற்கென்றே பொய் காட்டுவான். ஓடுகிறவனிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டிவிட்டுக் கொடுக்க மாட்டான். துடிப்பான பையன் ஏமாந்து முன்னால் பாய்வான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்துவிடும். ஏமாறாமல், ஒரு கணம் பொறுத்து, சரியான பக்கம் பாய்கிற லைன்பேக்கரைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு வாயில் எச்சில் ஊறும். அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ப்ரென்ட் ஹாலோவே, அணிக்கு ஆள் எடுக்கும் எங்கள் பிரிவுக்குத் தலைவனாக வந்தபோது அவனுக்கு என் வயதில் பாதி. வாழ்நாளில் ஒரு தடவைகூட ஹெல்மெட் மாட்டியவன் இல்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவன் வந்த முதல் குளிர்காலத்தில் ஹாங்க் பெட்ரியை வேலையிலிருந்து நீக்கினான். ஹாங்க் எனக்கு முன்னாலிருந்தே இந்த அணிக்காக ஊர் சுற்றியவன். டகோட்டாவில் பனியில் கார் புதைந்து, இழுவை வண்டிக்காக நடுரோட்டில் காத்துக்கொண்டிருந்தவனிடம் போனில் சொன்னான். ஹாங்க் இப்போது ஒரு கடையில் புல்வெட்டும் மெஷின் விற்கிறான்.

என்னை நீக்கவில்லை. நான் அவனுக்கு வேறு வேலைக்குத் தேவைப்பட்டேன். கூட்டத்தில் என்னைத்தான் முதலில் பேசவிடுவான். நான் முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, “பெருசுக்குப் பிடிக்கலயா? அப்ப அந்தப் பையன இன்னொரு வாட்டி பாருங்கப்பா” என்பான். அறை முழுக்கச் சிரிக்கும். விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு நடைமுறையாகிவிட்டது. நான் வேண்டாம் என்றவனை எடுப்பான், வேண்டும் என்றவனை விடுவான். நான் மேஜையைத் தட்டிக் கேட்ட ஒரு லைன்பேக்கரை அவன் விட்டுவிட, அந்தப் பையன் வேறு அணிக்குப் போய், எங்களுக்கு எதிராகவே ஆடி, எங்களைத் தரைமட்டமாக்கினான். அன்று மாலை ப்ரென்ட் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். ‘சும்மா அடிச்சுவிட்டது பட்டுடுச்சு போல, பெருசு.’

கோபம் வந்ததா என்று உங்கள் கேள்வித்தாளில் இல்லை. நானே சொல்கிறேன், வந்தது. இன்றுவரை போகவில்லை. சாப்பிடும்போதும் இருக்கிறது, கார் ஓட்டும்போதும் இருக்கிறது. கோபக்காரன் கத்துவான் என்று நினைக்கிறார்கள். நான் கத்துகிறவன் இல்லை.

சைலஸை அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் இருக்கும்போதே பார்த்துவிட்டேன். லூயிசியானாவின் தெற்குக் கோடியில், பெருமழை பெய்தால் கார் நிறுத்துமிடத்தில் மீன் நீந்தும் கல்லூரி அது. அப்போது அவன் காலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பந்து கிளம்புவதும் அவன் கால் கிளம்புவதும் ஒன்றாக இருக்கும். துடிப்பு அதிகம், அதனால் அவ்வப்போது ஏமாறுவான். ஏமாந்தாலும் திரும்பி ஓடிப் பிடித்துவிடுவான். பிடித்துவிட்டுத் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்வான்.

அவன் அம்மா வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தகப்பன் கிடையாது. வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டு, மேஜையில் செய்தித்தாளை விரித்து, மிளகாய் போட்டு வேகவைத்த நண்டு மாதிரியான அந்தச் சேற்று இறாலை மலையாகக் கொட்டினாள். நான் தலையை உறிஞ்சாமல் ஒதுக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, “வடக்கத்தி ஆளு, நல்லது எதுன்னே தெரியல பாரு” என்று மகனிடம் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, நீங்களும் லைன்பேக்கராக ஆடியவராமே, என் மகனுக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். நிச்சயமாக என்றேன். எனக்கு அந்தக் குடும்பத்தை மிகவும் பிடித்திருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிடிக்காமல் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

அவனுடைய கடைசி வருஷத்து ஆட்டப் படங்களை அந்தக் கல்லூரியிலேயே, ஜன்னலில்லாத ஓர் அறையில் மத்தியான நேரத்தில் பார்த்தோம். வேறு அணிகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். சைலஸ் ஒரு தடவைகூட ஏமாறவில்லை. எத்தனை பொய் காட்டினாலும் நின்ற இடத்தில் நின்றான், பிறகு சரியான பக்கம் போனான். என் பக்கத்தில் அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தவன், “பய பழுத்துட்டான்யா” என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதினார்கள் என்று பின்னால் தெரிந்தது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. அவர்கள் சாப்பிடப் போன பிறகு, எதிரணி பொய் காட்டாத தடவைகளை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே ஓடுகிறவன் கைக்குப் பந்து போகும் தடவைகள். அங்கே பொறுத்திருக்க எந்த அவசியமும் கிடையாது. அங்கேயும் அவன் கால் தாமதமாகத்தான் கிளம்பியது. அதே தாமதம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொய்யை அவன் கண்டுபிடித்துவிடுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பொய் அவன் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு தடவை பந்து நின்று, அடுத்த தடவை கிளம்புவதற்கு நடுவிலிருக்கும் துண்டுகளைப் பார்த்தேன். அதை யாரும் பார்ப்பதில்லை. செப்டம்பரில் தலையும் தலையும் மோதிய ஒரு மோதல் இருந்தது. எழுந்தான், புல்லைத் தட்டிவிட்டான், கட்டை விரலைக் காட்டினான். அதற்குப் பிறகு, அவனுக்குப் பின்னால் ஆடும் சிநேகிதன் ஒவ்வொரு தடவையும் அவன் இடுப்பைப் பிடித்து நிற்கவேண்டிய இடத்துக்கு நகர்த்தி விடுகிறான். செல்லமாகத் தட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், எனக்கும் அந்த வயதில் அந்தப் பக்குவம் வந்தது. நெப்ராஸ்காவில் ஆடிக்கொண்டிருந்தேன். திடீரென்று நான் ஏமாறுவதே இல்லை. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். என் கோச் மட்டும் ஒரு வாரம் பேசாமல் பார்த்துவிட்டு, என் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். “போதும்டா. போய்ப் படி” என்றார். நான் அவர் முகத்தில் விழிக்காமல் கொஞ்ச காலம் திரிந்தேன். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு மேலே ப்ரென்ட் மாதிரி ஒருவன் உட்கார்ந்திருக்கவில்லை, அவருக்கு அது சுலபம்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். எங்கள் டாக்டரைக் கூப்பிட்டு, இந்தப் பையனைச் சாதாரணப் பரிசோதனையோடு விடாதீர்கள், தலையைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் எல்லா அணிக்கும் தெரிந்துவிடும், எவனும் அவனை எடுக்க மாட்டான். அவன் ஆட்டம் அதோடு சரி. காருக்குப் போனதும் போனை எடுத்தேன். நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது ப்ரென்டே கூப்பிட்டான். சைலஸ் படத்தை அவனும் பார்த்துவிட்டானாம். “என்ன பொறுமை பாத்தியா பெருசு. சீக்கிரமா பிடிக்கலன்னு சொல்லிடு, நான் நிம்மதியா எடுத்துக்கிறேன்” என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். அவன் வைத்த பிறகு நான் டாக்டரைக் கூப்பிடவில்லை.

கணக்கு எளிமையானது. டிராஃப்டின் முதல் சுற்றில் ஒன்றுக்கும் ஆகாத லைன்பேக்கரை எடுத்தவன் அந்த நாற்காலியில் நிலைக்க முடியாது. ப்ரென்ட் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டிருந்தான். நான் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

மார்ச்சில் கல்லூரியில் தேர்வு நாள். பையன்களை அரைக்கால் சட்டையோடு நிறுத்தி, உயரம் பார்த்து, உள்ளங்கை அளந்து, ஓடவிட்டுப் பார்ப்போம். மாட்டுச் சந்தை என்று ஹாங்க் சொல்வான். அங்கே யாரும் பொய் காட்டுவதில்லை, யாரும் மோதுவதில்லை, நேராக ஓடினால் போதும். சைலஸ் காற்றாக ஓடினான். மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் என் வாடகைக் காருக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தான். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தான். வெயிலுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

“சார், ஒண்ணு கேக்கணும். வீட்ல சொல்லல” என்றான்.

சொல்லு என்றேன்.

“பந்து கெளம்புனதும் ஒரு செகண்டு எல்லாம் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி இருக்கு. சத்தம்கூட லேட்டா வருது. அப்புறம் சரியாயிடுது. முன்னாடி இப்படி இல்ல.”

“எப்பருந்து?”

“சீசன் ஆரம்பத்துலருந்து. வெளிச்சம் பட்டா தலை வலிக்குது. நீங்களும் லைன்பேக்கர்தானே சார். நீங்க விடுன்னு சொன்னா விட்டுடுறேன். எங்க ஊரு ஸ்கூல்ல பசங்களுக்குச் சொல்லித்தர வேலை இருக்குன்னாங்க. அம்மாவுக்கும் நான் பக்கத்துல இருந்தா போதும்.”

கவனித்தீர்களா, மிஸ் கோல்பி. அவன் விடுகிறேன் என்றான். அவனைத் தடுக்க வேண்டியதுகூட இல்லை, ஆமாம் என்று ஒரு சொல் போதும். இதை நான் மறைக்க நினைத்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். அந்த இடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், ஒரு நாள் ஆட்டம் எனக்கு மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது, அன்றைக்குத்தான் நான் ஆட்டக்காரன் ஆனேன் என்று. சின்ன வயதிலிருந்து எல்லாப் பையன்களும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். தனக்கு எப்போது மெதுவாகத் தெரியும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். நான் அவன் தோளில் கை போட்டேன்.

“தம்பி, ஆட்டம் உனக்கு மெதுவாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவுதான். இதுக்குத்தான் எல்லாரும் ஏங்குறாங்க. இதைப் போயி வியாதின்னு நெனச்சியா?”

“இதுதானா சார் அது?”

“இதுதான். அதுக்குப் பேரு பக்குவம்.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் பயந்தே போய்விட்டேன் என்று சொல்லிச் சிரித்தான். டாக்டர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றேன். போகும்போது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி, திரும்பிக் கையாட்டினான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டான், சொன்னேன்.

டிராஃப்ட் அறையில் நடந்ததுதான் உங்களுக்கு எல்லாரும் சொன்னது. அங்கே நான் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை, அதில் சந்தேகம் வேண்டாம். உண்மையை எந்த இடத்தில் வைப்பது என்பதை மட்டும் யோசித்து வைத்திருந்தேன். ப்ரென்ட் வழக்கம்போல் முதலில் என்னைத்தான் கேட்டான். எனக்கு இந்தப் பையன் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். இரண்டு காதிலும் கடுக்கன் போட்டிருக்கிறான் என்றேன். பின்வரிசையில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கால் சாக்ஸை ஏற்றியும் ஒரு கால் சாக்ஸை இறக்கியும் விட்டுக்கொள்கிறான், ஒழுங்கில்லாதவன் என்றேன். இப்போது வெளிப்படையாகவே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவதைச் சொன்னேன். கால் தாமதமாகக் கிளம்புகிறது, தலையில் அடிபட்டிருக்கிறது, இவன் இனிமேல் ஆடவே கூடாது.

“காதுல ஆரம்பிச்சு, காலுக்குப் போயி, இப்ப மூளைக்கு வந்துட்டியா பெருசு” என்றான் ப்ரென்ட். “டாக்டருங்க எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லியாச்சு. ஒனக்கு மட்டும் எக்ஸ்ரே கண்ணா?”

“கால் லேட்டுன்னு சொல்றேன்.”

“அதுக்குப் பேரு பக்குவம்.”

என் வார்த்தையையே எனக்குச் சொன்னான். முன்பெல்லாம் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவேன். அன்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் முறை வந்ததும் சைலஸ் லடே என்று அறிவித்தார்கள். திரையில் அவன் வீட்டைக் காட்டினார்கள். வெர்னா மகனின் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நானும் ப்ரென்டின் கையைக் குலுக்கினேன்.

ஆகஸ்டில் பயிற்சி முகாம். நான் வேலி ஓரத்தில், டாக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றுதான் முதல்முறையாக முழுக் கவசத்தோடு மோதவிட்டார்கள். கல்லூரிப் பையன்களிடம் அந்த ஒரு கணத் தாமதத்தைத் தன் வேகத்தால் சரிக்கட்டியவனுக்கு, இங்கே இருக்கிறவர்களிடம் அது முடியவில்லை. இவன் நிமிர்வதற்குள் ஒருவன் வந்து மோதினான். சைலஸ் விழுந்து, எழுந்து, நடந்துபோய் எதிர்ப்பக்கம் ஆடியவர்கள் வட்டமாகக் குனிந்து பேசிக்கொண்டிருந்த இடத்தில் தானும் குனிந்து நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். புதுப் பையன் குறும்பு பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. டாக்டரின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது மைதானத்தின் அந்தப் பக்கம் ப்ரென்ட், அணி முதலாளியின் மகனுக்கு சைலஸைக் காட்டி, தன் மார்பில் தட்டிக்கொண்டு, நான் எடுத்த பையன் என்பதுபோல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். சைலஸை, அவன் கல்லூரிச் சிநேகிதன் செய்ததுபோலவே, யாரோ இடுப்பைப் பிடித்து இந்தப் பக்கம் அனுப்பி வைத்தார்கள். அடுத்த தடவை பந்து கிளம்பியதும் மறுபடி மோதினான். அதற்குப் பிறகு எழவில்லை.

மண்டைக்குள் ரத்தம் கசிந்தது. மண்டையைத் திறந்தார்கள். உயிர் தங்கிவிட்டது. வலது கை அசையாது. பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ப்ரென்டை அனுப்பிவிட்டார்கள். டிராஃப்ட் அறையிலிருந்த அத்தனை பேரும் உங்களைப் போன்ற ஒருவரிடம், லைல் ஸ்டெக்கர் ஒருவர்தான் வேண்டாம் என்றார் என்று என் பெயரைச் சொன்னார்கள். பத்திரிகையிலும் வந்தது. இந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். உட்காரத் தோதான நாற்காலி இல்லை இது, முதுகு வலிக்கிறது.

ஜனவரியில் வெர்னாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊரே வாயை மூடிக்கிட்டிருந்தப்ப நீங்க ஒருத்தர்தான் என் புள்ளைக்காகப் பேசுனீங்களாமே” என்று அழுதாள். உள்ளே ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. சைலஸுக்கு அவள்தான் முகம் மழித்துவிட்டிருந்தாள், தாடையில் ஒரு சின்ன வெட்டு. என்னைப் பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச நேரம் சொல்லைத் திரட்டினான்.

“மெதுவா இருக்கு சார்” என்றான். “ரொம்ப மெதுவா.”

சொல்லிவிட்டுச் சிரித்தான், மிஸ் கோல்பி. நல்ல சேதி சொல்வதுபோல. தான் தேறிவிட்டதாக என்னிடம் காட்டுகிறான். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து வாரம் முழுக்க இதைத்தான் உளறிக்கொண்டிருக்கிறான் என்று வெர்னா சொன்னாள். அவளுக்கு அது உளறல். நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் அங்கே போய் அவனைக் கேளுங்கள். அந்த வாக்கியத்தை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேளுங்கள். பெயர் சொல்ல வராது, ஆனால் என்னைக் காட்டுவான்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது இது: ‘ஆட்டப் படங்களை மட்டும் வைத்து இந்தப் பாதிப்பை எவராலும் கண்டறிந்திருக்க முடியாது. திரு. ஸ்டெக்கரின் ஆட்சேபம் தற்செயலாகப் பொருந்திப் போனது.’ யார் சொல்லி எழுதினீர்கள் என்றும் தெரியும். கடுக்கனையும் சாக்ஸையும் கேட்டுச் சிரித்தவர்கள்தான். அவர் எல்லாப் பையனையும் அப்படித்தான் சொல்வார், இது ஏதோ பட்டுவிட்டது என்றிருப்பார்கள். என் மேல் எந்தப் பொறுப்பும் வராது, இப்படி இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்று நீங்களும் அன்பாகத்தான் சொன்னீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் ப்ரென்ட் செய்ததையே நீங்கள் நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

யாராலும் முடியாது என்பது பொய். நான் கண்டுபிடித்தேன். ஒரு மத்தியானத்தில், யார் துணையும் இல்லாமல், மோதல் நடந்த ஆட்டத்தைக்கூடக் கண்டுபிடித்தேன். அவன் ஆடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆடினால் இப்படி ஆகலாம் என்றும் தெரியும், நான் இந்த வேலையில் நேற்று வந்தவன் இல்லை. அவன் விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது தெரிந்தே ஆடு என்றேன். முகாமில் அவன் வழிதவறி நின்றபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எந்த வார்த்தையில் வேண்டுமானாலும், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும்.

‘தற்செயல்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.